வாறன் என்று சொன்னவள்

மொன்ட்ரியால்-நோரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அந்த முதியோர் இல்லத்துக்கு நாலு நிமிட நடை. பனிக்காலத்தில் அதுவே பத்து நிமிடம். லோஜினி ஆறு வருடமாக அந்த நடையை நடப்பவள். பின்கதவால் உள்ளே போய், பனிச் சப்பாத்தைக் கழற்றிப் பையில் போட்டு, வேலைச் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு லிப்டில் நாலாம் மாடிக்கு ஏறுவாள். கதவு திறந்ததும் முதலில் வருவது மணம். கழுவிய தரை, அவித்த கரட், பவுடர், எவ்வளவு கழுவினாலும் போகாத மூத்திர வாடை. அதற்கடுத்ததாகப் பாட்டு வரும்.

பாட்டு நானூற்றுப் பன்னிரண்டாம் அறையிலிருந்து வரும். அங்கே மொசியே ஒரேல் இருந்தார். வயது எண்பத்தொன்பது. கியூபெக்கின் வடக்குக் காடுகளிலிருந்து மரம் ஏற்றி லொறி ஓட்டியவர். சனிக்கிழமைகளில் ஊர் மண்டபங்களில் கிற்றாரோடு ஏறிக் கன்ட்ரி பாட்டுப் பாடியவர். அவரைப் பார்க்க ஒரு குருவியும் வந்தது கிடையாது. கட்டிலருகே ஒரு கசட் றேடியோவும் பதினொரு கசட்டுகளும் இருந்தன. எல்லாம் அவரே பாடிப் பதிந்தவை. பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம்.

மற்றப் பணியாளர்களுக்கு அந்தப் பாட்டு தலையிடி. லோஜினிக்கு அப்படியில்லை. அவளுடைய கணவன் றெக்ஸ் மட்டக்களப்பில் இந்த மாதிரிப் பாட்டுப் பாடித்தான் அவளை மடக்கினான். மட்டக்களப்புக் கிறிஸ்தவ வீடுகளுக்குள் இந்தப் பாட்டு எப்படி நுழைந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். றேடியோ என்பார் ஒருவர், போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர் என்பார் இன்னொருவர். எப்படியோ நுழைந்து பாயும் விரித்துப் படுத்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து, இறைச்சிக் கறி அடுப்பில் கொதிக்க, குதிரையைக் கிட்டத்தில் கண்டிராத மனிதர்கள் வியர்த்து வழிந்துகொண்டு குதிரைக்காரனின் சோகத்தைப் பாடுவார்கள். றெக்ஸ் அதற்கென்று விளிம்பு மடித்த தொப்பியும் வைத்திருந்தான். அந்த வெயிலில் அந்தத் தொப்பிக்குள் மூளை எப்படி அவியாமல் இருந்தது என்பது லோஜினிக்கு இன்றும் விளங்காத விஷயம்.

"இந்தப் பாட்டில ஒளிவுமறைவு இல்லகா," என்று மட்டக்களப்புக் 'கா' போட்டுச் சொல்வான் றெக்ஸ். "விட்டிற்றுப் போயிட்டாள் எண்டா, விட்டிற்றுப் போயிட்டாள் எண்டுதான் பாடுவான். அழுதுகொண்டு பாடமாட்டான். இது அழுது முடிச்ச ஆள் பாடுற பாட்டு."

உண்மைதான். லோஜினிக்கு ஆங்கிலம் அரைகுறை, பிரெஞ்சு வேலைக்கு வேண்டிய அளவு. ஆனாலும் மொசியே ஒரேலின் குரல் ஓடத் தொடங்கினால் ஒரு சொல் விளங்காமலே நெஞ்சை அடைக்கும். ஒரு பாட்டின் அர்த்தத்தை மட்டும் அவர் மெல்ல மெல்ல விளக்கினார். தன்னை விட்டுப்போன மனைவியின் சப்பாத்துகளை ஒவ்வொரு சனிக்கிழமையும் துடைத்து வைக்கிற ஒருவனுடைய பாட்டு அது. வேறு ஒன்றும் நடக்காது. அவள் வரவும் மாட்டாள், அவன் சாகவும் மாட்டான். சப்பாத்துத் துடைப்பான், அவ்வளவுதான். லோஜினி கட்டில் விரிப்புகள் அடுக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுதது அந்தச் சப்பாத்துக்காரனுக்காக இல்லை. அவளுடைய வீட்டில் பாடிக்கொண்டிருந்த வாய் மூடிப் பத்து மாதமாகியிருந்தது.

அவளுடைய வேலை மூன்றரைக்கு முடியும். மூன்றே காலுக்குக் கடைசியாக அவர் அறைக்குள் போவாள். தலையணையைச் சரிசெய்து, தண்ணீரைக் கைக்கெட்ட வைத்து, வாசலில் நின்று, "ஜ ருவியன்" என்பாள். பிரெஞ்சுக்காரர் வேலை முடிந்து போகும்போது அப்படிச் சொல்வதில்லை. அதற்கு, இதோ திரும்பி வருகிறேன், கொஞ்சம் இருங்கள் என்று அர்த்தம். ஆனால் நம்மவர்கள் எந்த வீட்டுப் படியிறங்கினாலும் 'போறன்' என்று சொல்வார்களா? 'போயிற்று வாறன்', இல்லாவிட்டால் வெறும் 'வாறன்'. அந்த வாறனைத்தான் அவளுடைய நாக்கு பிரெஞ்சாக்கி வைத்திருந்தது.

மொசியே ஒரேல் ஒவ்வொரு நாளும் ஒரே பதிலைத்தான் சொல்வார். காத்திருக்கிறேன் என்பார். கிழவர் பகிடி விடுகிறார் என்று அவள் சிரித்துவிட்டுப் போவாள்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் ஒரு மணிக்கு அவர் இறந்தார். லோஜினியும், அவளோடு வேலை செய்யும் ஹெயிட்டிக்காரி மரி-லூர்த்தும் உடலைக் கழுவினார்கள். வெந்நீரும் சவர்க்காரமும் போட்டும் அவர்மேல் ஊறிக் கிடந்த வாசனை போகவில்லை. சுங்கான் புகையிலை, கைகால் உளைவுக்குப் பூசும் எண்ணெய், நனைந்த கம்பளி. விரிப்பைத் தாடைவரை இழுத்துவிட்டு, கசட் றேடியோவை நிறுத்திவிட்டு, இருவரும் புறப்பட்டார்கள்.

வாசலில் லோஜினி பழக்க தோஷத்தில் திரும்பினாள்.

"ஜ ருவியன்."

மரி-லூர்த்தின் கை கதவுப் பிடியிலேயே நின்றுவிட்டது. இறந்தவரிடம் அப்படிச் சொல்லக் கூடாது என்றாள் அவள், மிகவும் மெதுவாக.

லோஜினிக்கு அதை ஒருத்தர் சொல்லித்தரத் தேவையில்லை. செத்த வீட்டில் யாரும் 'வாறன்' சொல்வதில்லை. எழும்பி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, பேசாமல் நடந்துவிடுவதுதான் முறை. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த அந்த முறையில் தமிழில் அவள் ஒரு நாளும் பிழைவிட்டதில்லை. பிரெஞ்சில் பிழைவிட்டுவிட்டாள். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

அறையிலிருந்து பதில் வரவில்லை. வருமோ என்று ஒரு கணம் நின்றது அவளுடைய குற்றம்தான்.

மொசியே ஒரேலின் தூரத்து மருமகன் ஒருவன் தொலைபேசியில் வந்து, எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டான். விரும்பியதை எடுக்கலாம் என்றாள் மேலாளர். லோஜினி கசட் றேடியோவையும் பதினொரு கசட்டுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். றெக்ஸுக்காகத்தான்.

அவர்களுடைய வீடு வில்லரேயில், வெளிப்பக்க இரும்புப் படியேறிப் போகிற இரண்டாம் தளம். கீழ்வீட்டில் பிலோமினம்மா. யாழ்ப்பாணம் பாசையூர்க்காரி, கணவனை இழந்தவர், எழுபது வயது. லோஜினி வேலைக்குப் போகும் நேரத்தில் மேலே வந்து றெக்ஸைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான்.

றெக்ஸுக்குப் பாரிசவாதம் வந்தது போன சித்திரையில். வலப்பக்கம் முழுவதும் போனது. பேச்சும் அதோடு போனது. அந்தக் காலையில் நடந்ததை லோஜினி பாதரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. முந்திய இரவு அவன் யாருடைய பிறந்தநாளிலோ பாடிவிட்டுத் தாமதமாக வந்திருந்தான். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற மனிதன், லீவு நாளிலும் வீட்டில் ஒரு வேலை செய்யாமல் கிற்றாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறானே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் நின்று, "நான் போறன். நீங்க உங்கட பாட்டோடயே இருங்க," என்றாள். கதவை அடித்துச் சாத்தினாள்.

போறன் என்றாள். வாறன் என்று சொல்லவில்லை.

ஒன்பது மணியளவில் அவன் விழுந்திருக்கிறான். நாலு மணிக்கு அவள் வரும்வரை சமையலறைத் தரையில் கண்ணை வாசல் பக்கம் வைத்தபடி கிடந்திருக்கிறான். ஏழு மணித்தியாலம். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று தொடங்கிய டாக்டர் அந்த வசனத்தை முடிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் எந்த வாசலிலும் போறன் என்று சொன்னதில்லை. கடைக்காரனுக்கும் பஸ் சாரதிக்கும்கூட வாறன்தான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தாள். வருவதெல்லாம் பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் வந்துவிடும், அதற்குப் பிறகு நம்பிக்கை குறைவு. பேச்சுப் போனவர்கள் சிலர் பாடுவார்கள், பாட்டு மூளையின் வேறு பக்கத்தில் இருக்கிறது, முயன்று பாருங்கள் என்றும் சொன்னாள். லோஜினி றெக்ஸின் பழைய பாட்டுகளைப் போட்டபோதெல்லாம் அவன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வருடம் முடிய இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. அவனுடைய வாயிலிருந்து ஒரு சொல். கடவுளிடம் அவள் கேட்டது அவ்வளவுதான்.

மொசியே ஒரேலின் முதல் கசட் ஓடியபோது அவன் முகத்தைத் திருப்பவில்லை. இடக்கை விரல்கள் போர்வையில் தாளம் போட்டன. மூன்றாம் நாள் பின்னேரம் வாயைத் திறந்தான்.

பாடினான்.

லோஜினி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறு சொல் அவளுக்கு வரவில்லை. பிலோமினம்மா ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். இரண்டாவது அடி தொடங்கும்போதுதான் லோஜினிக்கு ஒன்று உறைத்தது. றெக்ஸ் பாடுவது பிரெஞ்சு. இத்தனை வருடத்தில் பொன்ஜூர், மெர்சி என்ற இரண்டுக்கு மேல் அவனுக்குப் பிரெஞ்சு வராது. இப்போதோ வடக்குக் காட்டு மனிதர்கள் பேசுகிற மாதிரி மூக்கால் இழுத்து முழுப் பாட்டையும் பாடிக்கொண்டிருந்தான்.

கசட்டில் கேட்டுக் கேட்டுப் பாடமாகியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நம்ப வேண்டும் என்று இருந்தது, நம்பினாள்.

அடுத்த வாரம் ஒரு நாள் அவள் வேலையால் வந்தபோது, பிலோமினம்மா இரும்புப் படியின் அடியில் நின்றார். பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு. உடுப்புக்கு மேல் ஒரு சால்வை மட்டும் போர்த்திக்கொண்டு, கையில் செபமாலையோடு நின்றார்.

"பிள்ளை, நான் இனி மேல தனிய இருக்கமாட்டன்," என்றார். "கசட்டு ஓடேல்லை. வயரை நானே கழட்டி வச்சனான். மூண்டேகால் ஆனால் தம்பி வாசலைப் பாத்துக்கொண்டு பாடத் தொடங்குது. அது தம்பியின்ரை குரல் இல்லைப் பிள்ளை."

லோஜினி படியேறினாள். கதவைத் திறந்தாள்.

முதலில் வந்தது மணம்.

சுங்கான் புகையிலை. உளைவெண்ணெய். நனைந்த கம்பளி.

அவள் தன் கையாலேயே கழுவிய மணம் அது. சப்பாத்தைக் கழற்றவும் மறந்து உள்ளே நடந்தாள். ஜன்னலுக்கு வெளியே நல்ல வெளிச்சம், எதிர்வீட்டுக் கூரைப் பனியில் வெயில் பட்டுக் கண் கூசியது. றெக்ஸ் தலையணையில் சாய்ந்து, வாசலைப் பார்த்தபடி இருந்தான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"லொஜினீ," என்றான், கடைசி எழுத்தை இழுத்து.

அவனுடைய வாயில் அவளுடைய பெயர். பத்து மாதத்துக்குப் பிறகு. ஆனால் றெக்ஸ் ஒரு நாளும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவனுக்கு அவள் லோஜி.

"இஞ்சருங்க," என்றாள். "நான் கதைக்கிறது விளங்குதா?"

அவன் சிரித்தான். தெரியாத பாஷையில் யாராவது வழி கேட்டால் பஸ் தரிப்பில் நிற்கிறவர்கள் மரியாதைக்குச் சிரிப்பார்களே, அப்படி. அவளுடைய கணவன், மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த றெக்ஸ், தமிழைக் கேட்டுவிட்டு அப்படிச் சிரித்தான்.

பிரெஞ்சில், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

உடனே தலையாட்டினான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் மரி-லூர்த்திடம் கொட்டினாள். மரி-லூர்த் வியக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ஒன்று மட்டும் சொன்னாள். லோஜினி போன பிறகு மொசியே ஒரேல் இராச் சாப்பாடு வரும்வரை கதவை மூட விடமாட்டாராம். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், வரும்போது கதவு மூடியிருக்கக் கூடாது என்பாராம். ஆறு வருடம் அப்படி.

"நீ வருவதாகச் சொன்னாய், வரவில்லை. அதனால் அவர் வந்துவிட்டார்," என்றாள். "உண்மையைச் சொல்லி அனுப்பிவிடு. தாமதிக்காதே."

லோஜினி தாமதித்தாள். அதற்கும் காரணம் இருந்தது. அந்த வாரம் வந்த பயிற்சிப் பெண், றெக்ஸ் பாடுவதைக் கேட்டுத் தலைகால் தெரியாமல் மகிழ்ந்துபோனாள். எந்த மொழியானால் என்ன, வாய் வழிக்கு வந்துவிட்டது, இதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றாள். ஐந்து வாரம் இருந்தது. ஐந்து வாரத்துக்குக் கிழவர் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தாள் லோஜினி. பேயை வீட்டில் வைத்துக்கொள்ள ஒருத்தி சம்மதிப்பாளா என்று கேட்கலாம். தரையில் ஏழு மணித்தியாலம் கிடந்தவனுடைய மனைவி சம்மதிப்பாள்.

றெக்ஸின் பழைய பாட்டுகள் அவளுடைய கைத்தொலைபேசியில் இருந்தன. அவற்றைப் போட்டு, மொசியே ஒரேல், தயவுசெய்து இதைப் பாடுங்கள் என்று கெஞ்சினாள். அவரும் மறுக்கவில்லை. றெக்ஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் பாடுகிற பாட்டு, லொறிக்காரரின் மூக்குக் குரலில் வந்தது. அவள் கட்டிலில் இருந்து, றெக்ஸின் தொண்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்பாள். குரல் யாருடையதாகவும் இருக்கட்டும், தொண்டை அவனுடையது. அது அதிர்ந்தது. சூடாக இருந்தது. பாதை திறந்துதானே கிடக்கிறது, ஒரு நாள் உரியவன் அதால் வருவான் என்று நம்பினாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தப் பின்னேரங்களில் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

றெக்ஸின் உடம்பு மட்டும் வற்றிக்கொண்டு வந்தது. கன்னம் ஒட்டியது. கால் இரண்டும் எந்நேரமும் குளிர்ந்து கிடந்தன.

ஒரு வியாழக்கிழமை, பாட்டின் நடுவில் குரல் அறுந்தது.

"லோஜி..."

அவள் அவனுடைய வாயருகே குனிந்தாள்.

"ஒரே இருட்டாக் கிடக்குகா."

அது றெக்ஸ். அடியாழத்திலிருந்து, வாயில் துணியை வைத்து அடைத்தது போல வந்தாலும் அது அவனேதான். அவள் அவனுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, இஞ்சதான் நிக்கிறன், இஞ்சதான் நிக்கிறன் என்று கத்தினாள். முகம் மரியாதையாகச் சிரித்தது. விட்ட இடத்திலிருந்து பிரெஞ்சுப் பாட்டு தொடர்ந்தது.

அன்றைக்கு அவளுக்கு விளங்கியது. பாதை திறந்து கிடக்கவில்லை. பாதையில் ஒரு ஆள் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் எழும்பினால்தான் இவன் வரலாம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பிலோமினம்மாவைக் கீழேயே இருக்கச் சொல்லிவிட்டு, கட்டிலுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூன்றே காலுக்கு மணம் வந்தது. றெக்ஸின் கண்கள் திறந்து அவளைப் பார்த்தன. அவள் சேர்த்து வைத்திருந்த பிரெஞ்சு முழுவதையும் கூட்டிப் பேசினாள்.

"மொசியே ஒரேல், நான் சொன்னது வாக்கு இல்லை. எங்கள் ஆட்கள் போகும்போது அப்படித்தான் சொல்வார்கள். கடையிலும் சொல்வோம், பஸ்ஸிலும் சொல்வோம். வருவோம் என்பதற்காகச் சொல்வதில்லை. அது வெறும் வழக்கம்."

ஆவிக்கு இலக்கணம் படிப்பித்தவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவர் கடைசிவரை கவனமாகக் கேட்டார். றெக்ஸின் இடக் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பத்து மாதத்துக்கு மேலாக உணர்ச்சியற்றுக் கிடந்த வலப்பக்கத்துக் கண்ணிலிருந்தும் வழிந்தது.

"என் மனைவியும் வாசலில் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனாள்," என்றார். "நாற்பத்தாறு வருடம் காத்திருந்தேன். ஆனால் நீங்கள் தினமும் சொன்னீர்கள், தினமும் வந்தீர்கள். சொன்னதைச் செய்தவர் நீங்கள் ஒருவர்தான்."

கிழவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே. இனிமேல் வரமாட்டேன் என்பதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று தேடினாள். படித்த பிரெஞ்சு எல்லாம் அந்த நேரம் பார்த்துக் கைவிட்டது. பரிதாபமும் பயமும் சேர்ந்து உலுப்ப, அவளுடைய நாக்கு ஓடி ஒளிய வேறு இடமில்லாமல் தமிழுக்குள் விழுந்தது.

"நான் போறன்," என்றாள். "இனி வரமாட்டன். போறன்."



கிழவர் விளங்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே பஸ் தரிப்புச் சிரிப்பு.

அவருக்கு எப்படி விளங்கும்? அது தமிழ். அந்த உடம்புக்குள் தமிழ் தெரிந்தவன் ஒருவன்தான்.

"போறியாகா?" என்று கேட்டது றெக்ஸின் குரல்.

இல்லை, உங்களுக்கில்லை, உங்களுக்குச் சொல்லவில்லை என்று அவள் அலறிக்கொண்டு பாய்ந்து அவனைப் பிடித்தாள். அதற்குள் கண்கள் மூடிக்கொண்டன. மணம் போய்விட்டது. பாட்டும் போய்விட்டது. மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. நெஞ்சில் அடித்துக்கொண்டு, வாறன் எண்டுதான் சொல்ல வந்தன், வாறன், வாறன் என்று அவன் காதுக்குள் இருட்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு றெக்ஸ் பாடவில்லை. கசட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள், விரல்கூட அசையவில்லை. பிரெஞ்சில் கேட்டாள், தமிழில் கேட்டாள். கண்ணைத் திறந்து கூரையைப் பார்ப்பான், மூடுவான். பயிற்சிப் பெண் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, மூன்றாம் முறை கதவடியில் அவளுடைய தோளைத் தடவிவிட்டுப் போனாள். வருடம் முடிந்தது. லோஜினி கசட் றேடியோவைக் குப்பை எடுக்கும் நாளில் வெளியே வைத்தாள். லொறி வந்து அதை நசுக்குவதை ஜன்னலில் நின்று பார்த்தாள்.

அதுவரை மூன்று மணிக்கே கீழே இறங்கிவிட்ட பிலோமினம்மா மறுபடி பகல் முழுவதும் மேலே இருக்கத் தொடங்கினார். பாட்டு நின்றுவிட்டதால் அவருக்குப் பயம் தெளிந்திருந்தது. சித்திரை கடைசியில் ஒரு புதன்கிழமை லோஜினிக்குக் காய்ச்சல். இரண்டு மணியோடு வேலையை விட்டு வந்து, றெக்ஸ் நித்திரை என்று பிலோமினம்மா ஒரு நடை கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் படியேறிவிட்டாள். றெக்ஸின் கட்டிலருகே தலையைச் சாய்த்துக்கொண்டு, அவனுடைய கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் சத்தம்கூட இல்லை. பனி உருகிக் கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மூன்றே காலுக்குத் தொலைபேசி அடித்தது. பிலோமினம்மா.

"பிள்ளை, வேலையில இருக்கிறியள் போல, குறை நினைக்காதேங்கோ," என்றார். "நான் கோயிலால வந்து இப்பதான் கீழ கதவைத் திறந்தனான். மேல தம்பியோட ஆர் வந்து நிக்கினம்? ரெண்டு பேர் சேர்ந்து பாடினம்."

லோஜினி றெக்ஸின் வாயைப் பார்த்தாள். மூடியிருந்தது. அறையில் ஒரு சத்தமும் இல்லை.

"அன்ரி," என்றாள் மெதுவாக. "போனைக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிங்க."

முதலில் இரைச்சல். பிறகு அது தெளிந்து வந்தது. இரண்டு ஆண்கள். ஒரு குரல் மூக்கால் இழுத்தது. மற்றக் குரலை அவள் எங்கேயும் அறிவாள். றெக்ஸ் பாடினான். நோயில்லாத, வற்றாத, முப்பது வயதுக் குரலில் பாடினான். அழுது முடித்தவர்களின் பாட்டு. ஒருவர் விட்ட அடியை மற்றவர் எடுத்தார். இரண்டு பேருக்கும் அவசரமே இருக்கவில்லை.

அவள் எழும்பினாள். பலகைத் தரையில் காலால் ஓங்கி உதைத்தாள். மேசையில் இருந்த மருந்துப் போத்தல்கள் உருண்டு விழுந்தன. "நான் இஞ்ச நிக்கிறன்! இஞ்சதான் நிக்கிறன்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். திரும்பவும் உதைத்தாள். கதிரையைத் தூக்கித் தரையில் அடித்தாள்.

தொலைபேசியில் பாட்டு மட்டும் கேட்டது. அடுத்த அடிக்குப் போனது.

பிலோமினம்மாவின் மூச்சு மறுபடி காதருகே வந்தது.

"கேட்டதோ பிள்ளை? வேற ஒரு சத்தமும் இல்லை, பாட்டு மட்டும்தான்," என்றார். "நீங்கள் எத்தினை மணிக்கு வீட்டை வருவியள்?"